இரண்டாவது பிரசவமும் மூத்த குழந்தையும்

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். டாக்டர் எழுதவேண்டிய விஷயம்தான். ஆனாலும் புசாவல், வார்தா, கடைசியாக நாக்பூர் அஜ்னி என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வாழ்ந்ததில், நம்மவர் வீடுகளில் இரண்டாவது பிரசவம் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்துச் சுவரிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றெடுக்கப் போகிறவளைப் பற்றி எல்லோருக்கும் கவலை. பிறக்கப் போவதைப் பற்றியும் கவலை. நடுவே இரண்டு, இரண்டரை வயதில் ஒன்று விரலைச் சப்பிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "அதுக்கென்ன, குழந்தைதானே, பழகிடும்" என்று பதில் வரும். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊரில் இருப்பவர்களுக்கும் நமக்கும் இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தலைப்பிரசவம் வழக்கப்படி தாய் வீட்டில் நடந்துவிடுகிறது. இரண்டாவது பெரும்பாலும் இங்கேதான். புருஷனுக்கு லீவு கிடையாது, பெண்ணும் உத்தியோகம் பார்க்கிறாள், இப்படி ஆயிரம் காரணம். ஊரிலிருந்து பாட்டி வருவாள். வந்து இறங்கும்போதே முழங்கால் வலி. சிசுவைக் குளிப்பாட்டுவதா, பத்தியச் சமையல் செய்வதா, ஓடுகிற மூத்ததைத் துரத்துவதா? அப்போதுதான் அந்த யோசனை பிறக்கும். "பெரியதை நாங்க ஊருக்குக் கூட்டிண்டு போறோம், நாலு மாசம் கழிச்சுக் கொண்டுவந்து விட்டுடறோம்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் நாகர்கோவிலோ தஞ்சாவூரோ, இங்கிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயில் பயணம். நினைத்த மாத்திரத்தில் தாய் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையானால் இந்த யோசனை வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதியர், தாயைப் பிரிந்திருக்கும் சிறு குழந்தைகளை நாள்தோறும் கவனித்துப் படம் எடுத்தார்கள். 1969-ல் வந்த அவர்களது ஒரு படத்தில் ஜான் என்ற 17 மாதக் குழந்தை. தாய் இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறாள். குழந்தையை 9 நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடுகிறார்கள். அடி இல்லை, பட்டினி இல்லை, நல்ல நர்ஸுகள்தான். ஆனால் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். இவனுக்கென்று ஒருத்தி கிடையாது. முதலில் யாராவது ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகு அழுகிறான், சாப்பாட்டை ஒதுக்குகிறான், ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். 9-ம் நாள் தாய் வந்து தூக்குகிறாள். அவள் கையிலிருந்து திமிறுகிறான்.

அதே தம்பதியர் வேறு நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வயது 17 மாதத்திலிருந்து இரண்டரைக்குள். தாய்மார்கள் பிரசவத்துக்குப் போனவர்கள். பிரிந்திருந்த நாள் 10 முதல் 27 வரை. அந்தக் குழந்தைகளை முன்கூட்டியே அழைத்துவந்து வீட்டைப் பழக்கினார்கள். அவரவர் போர்வையையும் பொம்மையையும் கொண்டுவரச் சொன்னார்கள். தாயின் போட்டோவைக் காட்டி அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முழு நேரமும் பார்த்துக்கொண்டவர் ஜாய்ஸ் ஒருவரே. அந்தக் குழந்தைகளும் வருத்தப்பட்டன, அடம் பிடித்தன. ஆனால் ஜானைப் போல இடிந்துபோகவில்லை. பிரிவே இல்லாமல் செய்ய முடியாத இடத்தில், பழகிய முகமும் பழகிய பொருளும் எவ்வளவு தாங்கிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

ஆக, மூத்த குழந்தையைக் கலக்குவது புதுப் பாப்பா மட்டும் இல்லை. ஒரே வாரத்தில் எல்லாமும் மாறுவதுதான். அம்மா காணோம். படுக்கை இடம் மாறியாச்சு. சோறு ஊட்டும் கை வேறு. பேசுகிற பாஷை வேறு. போதாக்குறைக்கு, இனிமேல் பால் பாட்டில் கிடையாது என்று ஒரு உத்தரவு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாதையைப் புரட்டிப் புதுக் கல் போட்ட இடத்தில் அன்றைக்கே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75. கல் அமர அமரத்தான் வேகம். அதே ராத்திரியில் அந்த இடத்தில் சிக்னலையும் மாற்று, டைம்டேபிளையும் மாற்று என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். எது மூன்று மாதம் முன்னால் மாறமுடியுமோ அதை முன்னால் மாற்றிவிடுவது. எது தள்ளிப்போகுமோ அதைத் தள்ளிப்போடுவது. பிரசவ வாரத்துக்கு என்று அம்மா இல்லாத அந்த இரண்டு மூன்று நாளை மட்டும் மிச்சம் வைப்பது.

முன்னால் மாற்றவேண்டியதில் முதலாவது ராத்திரி. பகலில் யாரிடமும் இருக்கும் குழந்தை, இரவு எட்டு மணிக்கு மேல் அம்மா இல்லாவிட்டால் வீட்டை இரண்டாக்கும். ஆகவே ஆறாம் ஏழாம் மாதத்திலிருந்தே வாரத்தில் சில நாள் அப்பா தூங்கவைக்கட்டும். அம்மா பக்கத்து அறையிலேயே இருக்கட்டும். நம் ஆண்பிள்ளைகளில் பலருக்குக் குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை வேறு. பத்து நாளில் வந்துவிடும். குளிப்பாட்டுவது, தலை வாருவது, மோர் சாதம் ஊட்டுவது, இதெல்லாமும் அப்படியே. தொட்டிலிலோ அம்மா பக்கத்திலோ படுக்கிற குழந்தைக்குத் தனி மெத்தை போடுவதானால் அதையும் இப்போதே போட்டுவிட வேண்டும். பாப்பா வந்த அன்று போட்டால், "என் இடத்தை இது பிடுங்கிக்கொண்டது" என்றுதான் அதற்குப் படும்.

தூளிக்கும் இதே கதிதான். உத்தரத்துக் கொக்கியில் புடவை கட்டிய தூளியில் மூத்தது இன்னும் தூங்குகிறது என்றால், இரண்டு மாதம் முன்பே நிறுத்தி, அவிழ்த்து, கண்ணில் படாமல் மடித்து வைத்துவிடுங்கள். மறந்த பிறகு வேறு புடவையில் கட்டினால் அது பாப்பாவின் தூளி. ஆனாலும் ஒரு நாள் அதற்கும் ஏறிப் படுக்க ஆசை வரும். படுக்கட்டும், பாப்பா அதில் இல்லாத நேரத்தில், பெரியவர் பக்கத்தில் நின்று இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டால் ஆசை தீர்ந்தது. கொக்கியைச் சோதித்த பிறகு, என்பதைச் சொல்லாமல் விட இன்ஜினீயர் மனசு கேட்கவில்லை.

தள்ளிப்போட வேண்டியவை: பால்வாடியிலோ பிளே ஸ்கூலிலோ சேர்ப்பது, பாட்டிலை நிறுத்துவது, டாய்லெட் பழக்குவது. மூன்று மாதம் முன்னால் முடிந்தால் சரி. முடியாவிட்டால் பிரசவத்துக்கு மூன்று மாதம் பின்னால்.

பாட்டி எப்போது வரவேண்டும்? நிறைமாதத்தில் வந்து இறங்கினால், மூத்த குழந்தைக்கு அவள் ஒரு அந்நியப் பெண்மணி. குறைந்தது ஒரு மாதம் முன்பாவது வந்துவிட வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான். பழைய 120 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டர் சொன்ன தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், டிக்கெட் எடுக்கும் நாள் ஆறாம் மாதத்திலேயே வந்துவிடும். தெற்குக் கோடியிலிருந்து வருபவர்களுக்கு மாறாமல் வர திருக்குறள் எக்ஸ்பிரஸ் உண்டு. ஆனால் அது தினமும் ஓடுவதல்ல, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வந்துவிட்டாள் என்றால் அடுத்தது பாஷை. இது நமக்கு மட்டுமே உரிய சங்கடம், ஊர்ப் புத்தகங்களில் இருக்காது. பகலெல்லாம் மாவ்ஷியிடம் வளர்ந்த குழந்தை தண்ணீரைப் "பாணி" என்கும். பாட்டிக்குப் புரியாது. "ஷீ" என்றால் வெளிக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். பாட்டியோ குழந்தை தன்னைச் "சீ" என்கிறது என்று முகம் வாடுவாள். "பூர்" என்றால் வெளியே சுற்றப் போகலாம் என்பது. கேட்டது கிடைக்காத குழந்தை கத்தும், உடனே "பிள்ளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்று பெயர் வந்துவிடும். ஒரு காகிதத்தில் குழந்தை சொல்கிற இருபது வார்த்தைகளை எழுதி எதிரில் தமிழ் அர்த்தம் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம். பாட்டியிடமிருந்து தமிழ் வார்த்தைகளும் தானே வரும், அது போனஸ்.

"பாப்பா" என்ற வார்த்தையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அப்பாவைப் "பப்பா" என்று கூப்பிடுகின்றன. எங்கள் பிளாக்கில் ஒரு பிள்ளை, "பாப்பா வரப்போறது" என்று சொன்னதும் ஒவ்வொரு சாயங்காலமும் வாசல் கதவண்டை போய் நின்றான். அப்பா வந்ததும் "பப்பா வந்தாச்சு" என்று முடித்துவிட்டான்! பக்கத்து மராத்திக்கார அம்மாள் பெண் குழந்தையிடம் "நீ தாயி ஆகப்போகிறாய்" என்பாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. பையனானால் "தாதா", அதாவது அண்ணன். நம் குழந்தைக்குத் தாதாவும் தாத்தாவும் குழம்பும். அதனால் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், யார் வீட்டிலாவது கைக்குழந்தை இருந்தால் கூட்டிப்போய்க் காட்டி, "இந்த மாதிரி குட்டிப் பாப்பா நம்ம வீட்டுக்கும் வரும்" என்று சொல்வதே நல்லது. பாப்பா அழும், தூங்கும், பால் குடிக்கும், உடனே உன்னோடு விளையாட வராது என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம். விளையாடத் தோழன் வருகிறான் என்று சொல்லி வைத்து, வந்தது கண்ணைக்கூடத் திறக்காவிட்டால் அதைவிட ஏமாற்றம் கிடையாது.

எப்போது சொல்வது? இரண்டு வயதுக்கு "நாலு மாசம்" என்பது அர்த்தமில்லாத சத்தம். வயிறு நன்றாகத் தெரியும்போது சொன்னால் போதும். அதற்குத் தெரிந்த ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்லவேண்டும். நாக்பூரில் அதற்குக் கஷ்டமே இல்லை. "ஜன்னல்ல கூலர் மாட்டுவோமே, அப்போ பாப்பா வரும்" என்றால் புரிந்துவிடும். குளிர்காலப் பிரசவமானால் ஆரஞ்சு வண்டி. தம்பி என்றோ தங்கை என்றோ முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கருவில் பார்த்துச் சொல்வது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் "குழந்தை வாய் பலிக்கும்" என்று மூத்ததையே கூப்பிட்டு, "உனக்குத் தம்பியா தங்கச்சியா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் போகவில்லை. அது ஒன்றைச் சொல்லி, வேறொன்று பிறந்து, வந்தவர்கள் முகம் கோணினால் அந்தப் பழியையும் குழந்தையா சுமப்பது?

கேலியைப் பற்றியும் சொல்லவேண்டும். "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்", "இனிமே உன்னை யாரு கவனிப்பா", "அம்மா மடி போச்சே" என்று சீண்டுவதில் நம்மவர்களுக்கு என்னவோ ஒரு சந்தோஷம். நான் சிறுவனாக இருந்தபோது என்னையும் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் சொன்னார்கள். பத்து வயதில் அது வேடிக்கை. இரண்டு வயதில், அம்மா நிஜமாகவே பையோடு ஆஸ்பத்திரி கிளம்பும் வாரத்தில், அது வேடிக்கை இல்லை. மாமனாரானாலும் சரி, மன்னியானாலும் சரி, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது வீட்டு ஆண்பிள்ளையின் பொறுப்பு. "நீ பெரியவளாயிட்டே, இனிமே அழப்படாது" என்பதும் இதே வகைதான். ஒன்பது மாதத்தில் அம்மாவின் வயிறு வளர்ந்ததே தவிர இது வளர்ந்துவிடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தூங்கும்போது நைசாகப் போய்விடலாம், அழாது என்பார்கள். விழித்தெழுந்து பார்த்தால் அம்மா இல்லை. அதற்குப் பிறகு அது தூங்கவே பயப்படும். நடுராத்திரி வலி எடுத்தால் எழுப்பி ஒரு வார்த்தை: "அம்மா ஆஸ்பத்திரி போறேன், பாட்டி இங்கே இருக்கா, திரும்பி வந்துடுவேன்." அழட்டும். சுகப்பிரசவமானால் சுமார் இரண்டு நாள், சிசேரியனானால் நான்கைந்து நாள். பல ஆஸ்பத்திரிகளில் சிறு குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் படுக்கையில் போட்டுவையுங்கள். வீடியோ போன் எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவராது. சிலது அம்மா முகம் தெரிந்ததும் போனையே தேடி இரண்டு மணி நேரம் அழுகின்றன. ஒரு தடவை பார்த்துவிட்டு உங்கள் குழந்தை எந்த ரகம் என்று தீர்மானியுங்கள்.

வீட்டுக்கு வரும் நாளில் ஒரே ஒரு விஷயம். வாசலில் நுழையும்போது சிசு பாட்டி கையிலோ அப்பா கையிலோ இருக்கட்டும், அம்மாவின் கை காலியாக இருக்கட்டும். ஆரத்தி எடுக்க வேண்டுமானால் எடுங்கள், மூத்ததையும் பக்கத்தில் நிறுத்தி, அதற்கும் சேர்த்து. ஆபரேஷன் ஆனவள் தூக்கக்கூடாது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் ஏற்றி அணைத்துக்கொள்ளலாம். பார்க்க வருபவர்கள் பாப்பா கையில் பணம் வைப்பதற்கு முன்னால் மூத்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோடி புண்ணியம். பாப்பாவுக்குக் கன்னத்தில் மைப் பொட்டு வைத்தால் இதற்கும் ஒன்று வைத்துவிடுங்கள். எங்கள் பேத்தி ஒரு மாதம் பொட்டோடுதான் திரிந்தாள்.

அதற்குப் பிறகு சில வாரம் பின்னோக்கிப் போகும். பழகின குழந்தை படுக்கையை நனைக்கும், மழலையாகப் பேசும், தானும் பாட்டில் வேண்டும் என்கும், அம்மா பால் கொடுக்க உட்கார்ந்தால் அப்போதுதான் அதற்கும் ஆயிரம் வேலை வரும். மேலே சொன்ன 20 கிலோமீட்டர் கட்டம் இதுதான். கேட்டால் பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு நாளில் சலித்துவிடும். பால் கொடுக்கும் நேரத்துக்கென்று ஒரு டப்பாவில் நாலு சாமான் போட்டு வைத்து அப்போது மட்டும் எடுத்துக் கொடுத்தால் கொஞ்சம் அமைதி கிடைக்கும். தினம் அரை மணி நேரம், பாப்பாவைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அம்மா மூத்ததோடு மட்டும் இருக்கட்டும். அந்த அரை மணிக்கு நான் கொடுக்கும் மதிப்பு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

அடித்தால்? கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும். திருப்பி அடிக்காதீர்கள். ஆனால் கோபத்தைவிட அன்புதான் அதிக ஆபத்து. வேர்க்கடலை, முறுக்குத் துண்டு, சில்லறைக் காசு என்று பிரியமாகப் பாப்பா வாயில் வைத்துவிடும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. கீழே விரிப்பில் பாப்பாவைப் போட்டால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கவேண்டும். இன்னொன்று, மூத்ததன் தடுப்பூசிச் சீட்டை எட்டாம் மாதத்திலேயே எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய முத்தடுப்பு பூஸ்டரும், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசியும் பல வீடுகளில் விட்டுப்போகின்றன. கக்குவான் இருமல் மூத்ததுக்குச் சாதாரணமாக இருக்கலாம், பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து.

மத்திய அரசு உத்தியோகத்தில் இருக்கும் அப்பாமார்களுக்கு இரண்டு குழந்தைகள் வரை 15 நாள் லீவு உண்டு. பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே தீர்த்துவிடாதீர்கள். பாட்டி ஊருக்குத் திரும்பும் வாரம்தான் மூத்ததுக்கு அடுத்த சோதனை. அப்போது வீட்டில் அப்பா இருந்தால் பேருதவி.

இத்தனையும் சொன்ன பிறகும், அனுப்பியே தீரவேண்டிய வீடுகள் இருக்கின்றன. படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்ட தாய், ஆளில்லாத வீடு. அப்படியானால் நாலு மாதம் என்று போகாமல் எவ்வளவு குறைக்கமுடியுமோ குறையுங்கள். அப்பாவாவது கூடவே போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வரட்டும். போர்வை, டம்ளர், பொம்மை எல்லாம் இங்கிருந்தே போகட்டும்; புதிதாக வாங்கவேண்டாம். அங்கே சித்தி ஒரு வாரம், அத்தை ஒரு வாரம் என்று கை மாறாமல் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா போட்டோ கண்ணுக்கு எதிரே இருக்கட்டும். அழுமே என்று அம்மா பேச்சை எடுக்காமல் இருப்பது சரியில்லை. திரும்பி வரும்போது நாக்பூர் பிளாட்பாரத்தில் அது அம்மாவிடம் போகாமல் பாட்டி புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம். மறந்துவிட்டது என்று தாய் அழவேண்டாம், "போ, அம்மாகிட்ட போ" என்று யாரும் தள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானே வரும், சிலதுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு ஒரு வாரம். கொண்டுவந்து விட்ட பாட்டி மறுநாளே வண்டியேறாமல் பத்து நாளாவது தங்கும்படி திரும்பும் டிக்கெட்டை எடுங்கள். இல்லாவிட்டால் குழந்தைக்கு இதுவே இன்னொரு பிரிவாகிவிடும்.